ஒரு அட்டை அசித்ரோமைசின்

2016 நவம்பரில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள ஹைதராபாத் நகரில் ஒரு புதுவகை டைபாய்டு தலைகாட்டியது. டைபாய்டு அந்தப் பகுதிக்குப் புதிதில்லை, ஆண்டுதோறும் வருவதுதான். ஆனால் இந்த முறை மருத்துவர்கள் கலங்கிப்போனார்கள். குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் ஆகிய பழைய மருந்துகள் பலிக்கவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் பலிக்கவில்லை. அதற்கும் பிறகு எல்லோரும் நம்பியிருந்த செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் பலிக்கவில்லை. 2018 முடிவதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, மருத்துவமனையில் படுக்கவைத்து நரம்பு வழியே ஏற்றவேண்டிய, விலை கூடிய கார்பாபெனம் மருந்துகள். மற்றது, வீட்டிலிருந்தபடியே விழுங்கக்கூடிய அசித்ரோமைசின். ஏழை வீட்டுக் குழந்தைக்கு நடைமுறையில் இரண்டாவது வழி மட்டுமே உண்டு. அதே அசித்ரோமைசின்தான் நம் ஊர் மெடிக்கல் கடைகளில், "தொண்டை கரகரன்னு இருக்கு, சளி வேற" என்று சொன்னதும், மூன்றோ ஐந்தோ மாத்திரை அடங்கிய அட்டையாகக் கைக்கு வந்துவிடுகிறது. சீட்டு எங்கே என்று கேட்கும் கடைக்காரர் குறைவு. சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதை ஒரு சில்லறை விதிமீறலாகப் பார்த்துப் பழகிவிட்டோம். யாருக்கோ உயிர் காக்க வேண்டிய மருந்தை அவர்களைக் கேட்காமலே செலவழிக்கும் செயல் அது. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்.

டைபாய்டின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், நாம் எவ்வளவு தூரம் ஏணியில் ஏறி எங்கே வந்து நிற்கிறோம் என்பது புரியும். 1948 வரை இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவர், சில இடங்களில் ஐந்தில் ஒருவர் கூட, இறந்துபோனார்கள். அந்த ஆண்டில் குளோராம்பெனிகால் டைபாய்டுக்குப் பயன்படும் என்று தெரியவந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. ஒரு தலைமுறைக் காலம் அது கைகொடுத்தது. 1972இல் கோழிக்கோட்டில், குளோராம்பெனிகாலுக்கு மசியாத டைபாய்டு கிருமி பரவுவதை அங்கிருந்த ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதினார்கள். அதே ஆண்டு மெக்சிகோவிலும் அப்படிப்பட்ட கிருமி பெரிய அளவில் பரவியது. 1980களின் இறுதியில் பழைய மருந்துகள் மூன்றும் ஒருசேரக் கைவிட்டன. அடுத்து வந்த சிப்ரோஃப்ளாக்சசின் அதிசய மருந்தாகக் கொண்டாடப்பட்டது. பத்தாண்டுகளுக்குள்ளாகவே அதன் பலனும் குறையத் தொடங்கியது. இன்று இந்தியாவில் பிரித்தெடுக்கப்படும் டைபாய்டு கிருமிகளில் 95 சதவீதத்துக்கு மேல் அந்த வகை மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் சொல்கின்றன. இந்தியாவில் இப்போது நாம் நிற்கும் படிகள் செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும். முதல் படி சிந்துவில் உடைந்துவிட்டது. இரண்டாவதில் கீறல் விழத் தொடங்கியிருப்பதை 2019இல் வங்கதேச ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் சோதித்த 1,082 கிருமி மாதிரிகளில் 13, ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றத்தால் அசித்ரோமைசினை வெளியே தள்ளும் திறனைப் பெற்றிருந்தன. இதற்கு மேல் ஏறுவதற்கு வாய்வழி மருந்து எதுவும் தயாராகக் காத்திருக்கவில்லை.

சிந்துவின் டைபாய்டு கிருமிக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதன் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்த ஆய்வு 2018இல் வெளியானது. ஏற்கனவே பல மருந்துகளுக்கு மசியாமல் இருந்த டைபாய்டு கிருமி, பிளாஸ்மிட் எனப்படும் வளையவடிவ டி.என்.ஏ. துண்டு ஒன்றைப் புதிதாகப் பெற்றிருந்தது. செஃப்ட்ரியாக்சோனைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு அந்தத் துண்டில் இருந்தது. அது பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஈ.கோலை நம் ஒவ்வொருவரின் குடலிலும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் வாழும் உயிரி. தொண்டை வலிக்காக விழுங்கிய மாத்திரை தொண்டைக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. குடலில், தோலில், மூக்கில், வாயில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களின் மேல் அது பாய்கிறது. மசியக்கூடியவை மடிகின்றன. தற்செயலாகத் தாக்குப்பிடிக்கும் மரபணு உள்ளவை பிழைத்து, காலியான இடத்தை நிரப்புகின்றன. தொண்டை வலி வைரஸால் வந்தது என்றால் நோய்க்கு எந்தப் பலனும் இல்லை, ஆனால் இந்தச் சலித்தெடுப்பு மட்டும் தவறாமல் நடந்துவிடுகிறது. பிழைத்த கிருமிகள் தங்கள் பிளாஸ்மிட்டை அக்கம்பக்கத்துக் கிருமிகளுக்குக் கொடுக்கின்றன. வேறு இனக் கிருமிகளுக்கும் கொடுக்கின்றன. மலத்தின் வழியே சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து குடிநீருக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டுக் குடலுக்கும் போகின்றன.

இது வெறும் ஊகம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. பெல்ஜியத்தில் ஆரோக்கியமான 224 தன்னார்வலர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு அசித்ரோமைசினும் சிலருக்கு அதன் உறவு மருந்தான கிளாரித்ரோமைசினும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டது மூன்றே நாள். சில நாட்களுக்குள் அவர்கள் வாயிலிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளில், அந்த வகை மருந்துக்கு மசியாதவற்றின் பங்கு ஐம்பது சதவீதப் புள்ளிகளுக்கு மேல் எகிறியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அசித்ரோமைசினின் சிறப்பாகச் சொல்லப்படும் குணமே இங்கே வினையாகிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அதனால்தான் நாளுக்கு ஒன்று, மூன்று நாள் போதும் என்ற வசதி. அதே காரணத்தால் மாத்திரை தீர்ந்த பிறகும் பல நாட்கள், கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் மசியாதவற்றைத் தேர்ந்தெடுக்கப் போதுமான அளவில் அது உடலில் தேங்கி நிற்கிறது. மற்ற மருந்துகளிலிருந்து ஆன்டிபயாட்டிக்கைப் பிரிக்கும் வேறுபாடு இங்கேதான். ஒருவர் தேவையில்லாமல் ரத்த அழுத்த மாத்திரை விழுங்கினால் கெடுவது அவர் உடல் மட்டும். அந்த மாத்திரை அடுத்தவருக்கு வேலை செய்யாமல் போகாது. ஒருவர் எடுத்துக்கொள்வதால் இன்னொருவருக்குப் பலன் குறையும் மருந்து இது. "என் உடம்பு, என் காசு, நான் வாங்குகிறேன்" என்னும் நியாயம் மற்ற மருந்துகளுக்கு ஓரளவு பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது.

இந்தியாவில் விற்பனை எந்த அளவுக்கு நடக்கிறது? 2019ஆம் ஆண்டின் தனியார் விற்பனைக் கணக்கை அலசி 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்த ஓராண்டில் 507 கோடி நாளளவு ஆன்டிபயாட்டிக் விற்றதாகச் சொல்கிறது. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சராசரி மருந்தளவு ஒரு நாளளவு. தனித் தயாரிப்புகளில் முதலிடம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைக்கு, இரண்டாமிடம் செஃபிக்சிம் 200க்கு. விற்றதில் 47 சதவீதம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெறாத தயாரிப்புகள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. கொரோனா ஒரு வைரஸ், அசித்ரோமைசினுக்கு அதனிடம் வேலையில்லை. ஆனாலும் 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில், வழக்கமாக விற்றிருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 21.6 கோடி ஆன்டிபயாட்டிக் மருந்தளவுகள் கூடுதலாக விற்றன என்றும் அதில் 3.8 கோடி அசித்ரோமைசின் என்றும் ஒரு கணக்கீடு காட்டியது. ஊரடங்கால் மற்ற தொற்றுகள் குறைந்து, விற்பனையும் குறைந்திருக்க வேண்டிய மாதங்கள் அவை. இந்த எண்கள் சீட்டுடன் விற்றதையும் சீட்டில்லாமல் விற்றதையும் பிரித்துக் காட்டவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிரித்தறிய வேறு வகை ஆய்வு வேண்டும்.

அப்படி ஓர் ஆய்வு டெல்லி, மும்பை, பாட்னா நகரங்களில் நடத்தப்பட்டு 2016இல் வெளியானது. நோயாளிகளாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் 622 மருந்துக் கடைகளுக்கு மொத்தம் 1,200 முறை போனார்கள். சிலர் இரண்டு மூன்று வாரமாக இருமலும் காய்ச்சலும் என்றார்கள். சிலர் காசநோய் உறுதியான சளிப் பரிசோதனை முடிவைக் கையில் காட்டினார்கள். முதல் வகையினரில் நூற்றுக்கு 37 பேருக்குச் சீட்டில்லாமலே ஆன்டிபயாட்டிக் கிடைத்தது. மருத்துவரைப் பாருங்கள் என்று, தேவையற்ற மருந்து எதுவும் தராமல், சரியாக அனுப்பியது நூற்றுக்கு 13 முறைதான். பரிசோதனை முடிவைக் காட்டியவர்கள் விஷயத்தில் கடைக்காரர்கள் கவனமாக இருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தது 16 சதவீதமாகக் குறைந்தது. அந்த 1,200 சந்திப்புகளில் ஒன்றில்கூட எந்தக் கடைக்காரரும் காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கவில்லை. இந்த ஆய்வில் மிக முக்கியமான செய்தியாக நான் கருதுவது இதைத்தான். இந்தியாவில் மருந்துக் கடைகளைக் கட்டுப்படுத்தவே முடியாது என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஒரு மருந்தைச் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் தொழிலுக்குள்ளேயே வேரூன்றிவிட்டால், போலீஸ் நிற்காத இடத்திலும் அது கடைப்பிடிக்கப்படுகிறது. காசநோய் மருந்துக்கு இருக்கும் அந்தக் கூச்சம் அசித்ரோமைசினுக்கும் செஃபிக்சிமுக்கும் இல்லை, அவ்வளவுதான்.

கடையில் வாங்குவதால் வாங்குபவருக்கும் தீங்கு உண்டு. தமிழ்நாட்டில் மழைக்காலமும் அதையடுத்த குளிர் மாதங்களும் காய்ச்சல் காலம். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாம் முதல் மூன்று நாள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். புதர்ப் பகுதி உண்ணிப்பூச்சிகளின் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை போதும். செஃபிக்சிம் அதை ஒன்றும் செய்யாது. கடையில் கொடுத்த செஃபிக்சிமை நம்பி நான்கைந்து நாள் காத்திருந்தவர், நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட நிலையில் மருத்துவமனைக்கு வருகிறார். அப்படி முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தால் பலன் கூடுதல் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு 2023இல் காட்டியது. அந்த அளவுக்கு அருமையான மருந்தைத்தான் சளிக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம். டைபாய்டில் இன்னொரு சிக்கல். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு முன்பே இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தால் கிருமி வளராமல் போய்விடலாம். எந்த மருந்து கேட்கும் என்று அறியும் வாய்ப்பும் அதோடு போகிறது. லிவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோயின் இருமலைச் சில வாரம் அடக்கிவைத்து, நோய் கண்டுபிடிக்கப்படுவதைத் தள்ளிப்போடும். அதற்குள் வீட்டில் இன்னும் இருவருக்குத் தொற்றியிருக்கும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திக்கொள்ள வேண்டும். "கோர்ஸை முடிக்காமல் விட்டால்தான் கிருமி பலம் பெறும்" என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. காசநோய் போன்ற சிலவற்றுக்கு இது உண்மை. பல சாதாரணத் தொற்றுகளுக்கு நீண்ட கோர்ஸ் தேவையில்லை என்பதைப் புதிய ஆய்வுகள் காட்டுகின்றன. கடையில் இரண்டு மாத்திரை பிய்த்து வாங்குவதில் உள்ள முதல் குற்றம் இரண்டோடு நிறுத்தியது இல்லை. அந்த இரண்டே தேவைதானா என்று யாரும் பார்க்காதது.

இதற்கு வரும் மறுப்புகளில் மிக வலுவானது ஏழைகளின் பெயரால் வருவது. அதை லேசாகத் தட்டிவிட எனக்கு மனமில்லை. உலகின் ஏழை, நடுத்தர நாடுகளில் ஆன்டிபயாட்டிக் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 57 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக ஏற்பட்ட மரணங்கள் 2019இல் 12.7 லட்சம். மருந்து கிடைக்காமல் சாவோர், மருந்து பலிக்காமல் சாவோரைவிட அதிகம் என்பதே இன்றைய நிலை. தினக்கூலிக்குப் போகும் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும். தனியார் மருத்துவரிடம் போனால் கட்டணம் தனி, மருந்து தனி. இரவு எட்டு மணிக்குத் திறந்திருப்பதும், வரிசையில் நிற்காமல் பேசக் கிடைப்பதும், கடன் சொல்லக்கூடியதும் முனையிலுள்ள மெடிக்கல் கடைதான். அந்தக் கடைக்காரரை வில்லனாக்கிப் பேசுவது எளிது, அது நியாயமும் இல்லை. ஆனால் இந்த மறுப்பு எதை நிரூபிக்கிறது என்று பார்க்க வேண்டும். நிமோனியா வந்த குழந்தைக்கு அமாக்சிசிலின் கிடைக்க வேண்டும் என்பதை நிரூபிக்கிறது. சளி பிடித்த பெரியவருக்கு அசித்ரோமைசின் கிடைக்க வேண்டும் என்பதை நிரூபிக்கவில்லை. கடைக்காரரிடம் இருமலைக் கேட்டுப் பார்க்கும் கருவியும் இல்லை, பயிற்சியும் இல்லை. நிமோனியாக் குழந்தையையும் சளிக் குழந்தையையும் பிரித்தறிய அவரால் முடியாது. ஆக, தாராள விற்பனை ஏழைக்கு மருந்து கிடைப்பதை உறுதிசெய்யவில்லை. சரியான மருந்தா என்ற கேள்வியைக் கேட்க ஆளில்லாத நிலையைத்தான் உறுதிசெய்கிறது. கடைசி மருந்தும் பலமிழக்கும்போது, நரம்பு வழி ஏற்றும் மருந்துக்குப் பல ஆயிரம் ரூபாய் புரட்ட முடியாமல் முதலில் சாவதும் அதே ஏழைதான்.

மருந்துகளைத் தரம் பிரிக்காமல் பேசுவதுதான் இந்த விவாதத்தைக் குழப்புகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது. எல்லோருக்கும் எளிதில் கிடைக்க வேண்டியவை ஒரு வகை, அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் இதில் அடங்கும். கவனத்தோடு பயன்படுத்த வேண்டியவை இரண்டாம் வகை, அசித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் இதில். வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டியவை மூன்றாம் வகை. இந்தியத் தனியார் சந்தையில் அதிகம் விற்பது இரண்டாம் வகை. இதை முன்கூட்டியே உணர்ந்து பேசியது 2012 ஆகஸ்டில் இந்தியாவின் மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்'. எல்லா ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் ஒரே நாளில் சீட்டைக் கட்டாயமாக்கினால் மருத்துவரே இல்லாத ஊர்களில் மக்கள் தவித்துப்போவார்கள், உயர்நிலை மருந்துகளில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வரலாம் என்றது அது. குறையில்லாத கொள்கைக்காகக் காத்திருப்பதைவிட நடைமுறைப்படுத்தத்தக்க கொள்கை மேல் என்பதே அதன் நிலைப்பாடு. ஏழைகளின் பெயரால் வரும் மறுப்புக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களில் இதுவே நேர்மையானது என்பேன்.

"டாக்டர்களே கண்டபடி எழுதுகிறார்கள், கடையை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. எழுதுகிறார்கள், உண்மைதான். தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் 20 பெரிய மருத்துவமனைகளில் எடுத்த கணக்கெடுப்பில், உள்நோயாளிகளில் 72 சதவீதம் பேர் ஆன்டிபயாட்டிக்கில் இருந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் தொற்று வந்ததற்காகக் கொடுக்கப்படவில்லை, வராமல் தடுக்கவே கொடுக்கப்பட்டிருந்தது. மெக்சிகோவின் அனுபவம் இன்னும் தெளிவான எச்சரிக்கை. அங்கே 2010 ஆகஸ்டில் சீட்டில்லா விற்பனையை அரசு கண்டிப்பாகத் தடுத்தது. விற்பனை குறைந்தது. கூடவே, மருந்துக் கடைகளை ஒட்டியே குறைந்த கட்டண மருத்துவர் அறைகள் புற்றீசல்போல முளைத்தன. கடைக்காரரே அந்த அறையை நடத்தும்போது சீட்டு வெறும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் சீட்டுக்கு ஒரு மதிப்பு எஞ்சுகிறது. சீட்டில் ஒரு பெயர் இருக்கிறது, ஒரு பதிவு எண் இருக்கிறது. தவறாக எழுதினால் கேட்கலாம், கணக்கெடுக்கலாம், திருத்தலாம். 2024 ஜனவரியில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநர், ஆன்டிபயாட்டிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் குறிப்பிடுமாறு மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். சீட்டு இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். மருத்துவரின் தவறைத் திருத்த வேண்டும் என்பது கடையின் தவறைத் தொடர விடுவதற்கான காரணம் ஆகாது.

மூன்றாவது மறுப்பு அறிவியல் துறைக்குள்ளிருந்தே வருகிறது. இந்தியாவில் ஆளுக்குச் சராசரியாக விற்கும் ஆன்டிபயாட்டிக் அளவு பல ஐரோப்பிய நாடுகளைவிடக் குறைவு. மருந்தெதிர்ப்போ இங்கே பல மடங்கு அதிகம். பல நாடுகளை ஒப்பிட்டு 2018இல் வந்த ஓர் ஆய்வும், மருந்துப் பயன்பாட்டு அளவைவிடச் சுகாதாரக் கட்டமைப்பும் நிர்வாகமும்தான் மருந்தெதிர்ப்போடு நெருங்கிய தொடர்புடையவை என்றது. இதை நான் மறுக்கவில்லை. புதுடெல்லியின் பெயர் ஒட்டிக்கொண்ட என்.டி.எம்.-1 என்னும் மருந்தெதிர்ப்பு மரபணுவைத் தேடி அந்நகரில் எடுத்த மாதிரிகளில், தெருவில் தேங்கிய கசிவுநீர் 171இல் 51லும், குழாய்க் குடிநீர் 50இல் 2லும் அது இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. கழிவுநீரும் குடிநீரும் கலக்கும் ஊரில் எந்த மரபணுவும் வீடு வீடாகப் போய்ச்சேரும். ஆனால் பரவுவது வேறு, உருவாவது வேறு. மசியாத கிருமியைத் தேர்ந்தெடுப்பது மருந்து, ஊருக்கெல்லாம் பரப்புவது சாக்கடை. சாக்கடை மோசமாக உள்ள இடத்தில் ஒவ்வொரு தேவையற்ற மாத்திரையின் விலையும் கூடுகிறது. சுவீடனில் ஒருவர் வீணாக விழுங்கும் மாத்திரை அவரோடு முடிந்துபோக வாய்ப்புண்டு. சிந்துவிலோ டெல்லியிலோ அது தெருவுக்கே போகும். கட்டமைப்பு மோசமான நாடு மருந்தில் இன்னும் சிக்கனமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஆய்வு ஆதாரமாகிறது. குடிநீரும் தடுப்பூசியும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. டைபாய்டுக்கு நம் ஹைதராபாத்தில் உருவான கூட்டுத் தடுப்பூசியைச் சிந்து மாகாணம் 2019இல் பெரிய இயக்கமாகக் குழந்தைகளுக்குப் போட்டது. இந்தியாவும் அதைச் செய்ய வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்து விதிகளின் எச் அட்டவணைப்படி ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்பது வெகுகால விதி. அது ஏட்டோடு நின்றதால் 2013இல் எச்-1 என்ற புதிய அட்டவணை அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்றால் எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். 2016இல் மாத்திரை அட்டைகளில் செங்குத்தான சிவப்புக் கோடு வந்தது. கோடு அச்சானதே தவிர அதன் பொருளைக் கேட்டால் தெரியாது என்பவர்களே அதிகம். நடைமுறையில் முன்னே போனது கேரளம். 2018இல் தனக்கென்று செயல்திட்டம் வகுத்த முதல் மாநிலம் அது. 2024 தொடக்கத்தில் மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. ஆன்டிபயாட்டிக்கை அடையாளம் தெரியும்படி நீலநிற உறையில் போட்டுக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பயன்பாடு 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்ததாக அந்த அரசு அறிவித்தது. சிலி நாடும் 1999இல் இப்படிக் கண்டிப்புக் காட்டி விற்பனையைச் சட்டென்று இறக்கியது. பிரச்சாரமும் கண்காணிப்பும் தளர்ந்த பிறகு அது மெல்ல மறுபடி ஏறியது. சோதனை ஒரு சீசனோடு நின்றுவிட்டால் கேரளத்திலும் அதுதான் நடக்கும்.

இனி என்ன செய்தாலும் கிருமி திருந்தவா போகிறது என்ற அலுப்புக்கு டைபாய்டே பதில் வைத்திருக்கிறது. குளோராம்பெனிகாலையும் கோ-டிரைமாக்சசோலையும் டைபாய்டுக்குக் கொடுப்பதை இந்திய மருத்துவர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். இப்போது சோதித்தால், இங்குள்ள டைபாய்டு கிருமிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தப் பழைய மருந்துகளுக்கு மறுபடி மசிகின்றன. மருந்தின் நெருக்கடி இல்லாதபோது, எதிர்ப்பு மரபணுவைச் சுமந்து திரிவது கிருமிக்கும் பாரம்தான். எல்லாக் கிருமிகளிடமும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது, நடந்தாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் கைவிட்டுப்போன மருந்து திரும்பி வந்திருக்கிறது என்பது பதிவான உண்மை.

2013இல் அறிவிக்கப்பட்ட எச்-1 பட்டியலில் மொத்தம் 46 மருந்துகள். செஃபிக்சிம் அதில் உண்டு, லிவோஃப்ளாக்சசின் உண்டு, காசநோய் மருந்துகள் உண்டு. நாட்டில் மிக அதிகமாக விற்கும் ஆன்டிபயாட்டிக்கான அசித்ரோமைசின் அதில் இடம்பெறவில்லை. அதைச் சேர்ப்பதும், பதிவேட்டை உண்மையாகவே சரிபார்ப்பதும், வேலை முடிந்து வருகிறவர் மாலையில் மருத்துவரைப் பார்க்கும்படி நகர்ப்புற நலவாழ்வு மையங்களைப்போல ஊர்ப்புற நிலையங்களையும் திறந்துவைப்பதும் அரசு செய்ய வேண்டியவை. மூன்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டும். கடையை மட்டும் மூடி மருத்துவரைத் திறக்காவிட்டால் மக்கள் மன்னிக்க மாட்டார்கள். வாசகர் செய்யக்கூடியது அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சலோடு மெடிக்கல் கடைக்குப் போனால் பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வாங்குங்கள். போன முறை கேட்ட மாத்திரையின் பெயரைச் சொல்லி எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். கடைக்காரர் தானாக எடுத்து நீட்டினால் அட்டையைத் திருப்பி, சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சீட்டோடு வருகிறேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால், அல்லது அதற்கு முன்பே மூச்சு வாங்கினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ, மருத்துவரிடம் போங்கள். மாத்திரை தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள்.